பஞ்சு ஆட்டுக்குட்டியும் சேலை மேலங்கியும்: ஹலோவீன் உடுப்பு தைக்கும் ஒரு தாய்க்குக் குழந்தை நல மருத்துவரின் பதில்

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் வசிக்கும் ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்து இன்னும் இரண்டு ஆண்டுகள் நிறையவில்லை. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5 வயது. பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்கும் ஒக்ரோபர் 31ஆம் நாள்தான் ஹலோவீன். சென்ற ஆண்டு அன்று இருவரும் வழக்கமான உடுப்பிலேயே பாடசாலைக்குப் போயிருக்கிறார்கள். வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் வேடமிட்டிருந்ததைக் கண்ட மகன், அன்று மாலை முழுவதும் யாரோடும் பேசவில்லை. இந்த ஆண்டு இருவரும் வேடமிட்டு, அயல் வீடுகளுக்குச் சென்று இனிப்பு வாங்க ஆசைப்படுகிறார்கள். மகன் கேட்கும் கதாநாயகன் உடுப்பு கடையில் வரியோடு 50 டொலரைத் தாண்டுகிறது. இருவருக்கும் சேர்த்து 25 டொலருக்கு மேல் செலவிட வழியில்லை.

ஆகவே வீட்டிலேயே செய்ய முடிவெடுத்திருக்கிறார். தையல் இயந்திரம் இல்லை. கைத்தையல் நன்றாக வரும். மகளுக்குப் பழைய வெள்ளைச் சட்டையில் பஞ்சு உருண்டைகளை ஒட்டி ஆட்டுக்குட்டி வேடம். மகனுக்குத் தம்முடைய பழைய கறுப்பு ஷிபோன் சேலையை வெட்டிக் கணுக்கால்வரை தொங்கும் மேலங்கி. முகத்தில் பூச ஊரிலிருந்து வந்த கண்மையும் குங்குமமும். மகளுக்கு எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய் இருப்பதால் இயற்கையான பொருட்களே நல்லது என்று அவர் கருதுகிறார். வீட்டில் செய்ததைப் போட்டால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று மகன் முகத்தைச் சுளிக்கிறான். பேய்களின் நாளில் பிள்ளைகளுக்கு வேடம் போடுவது அபசகுனம் என்று மாமியார் சொல்கிறார். "கடையில் வாங்கிக் கொடுக்க முடியாத குறையை ஒட்டுப்போட்டு மறைக்கிறேனோ?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுடைய கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் எந்தக் குறையையும் மறைக்கவில்லை. இந்த நாளுக்கு உடுப்பை வீட்டில் செய்வதுதான் பழைய வழக்கம். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்ற பழக்கத்தைக் குடியேறிகளே வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். நீங்கள் வாழும் ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன் நகரில் பிள்ளைகள் அவ்வாறு சுற்றியதை 1911ஆம் ஆண்டிலேயே ஒரு செய்தித்தாள் குறிப்பிட்டிருக்கிறது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் இயங்கிய டெனிசன் என்ற காகித நிறுவனம், க்ரேப் காகிதத்தால் தாய்மார் வீட்டிலேயே வேட உடுப்பு செய்வதற்கான சிறு கையேடுகளை 1910களிலும் 1920களிலும் வெளியிட்டு வந்தது. பெட்டியில் அடைத்து விற்கப்படும் ஆயத்த உடுப்புகள் பரவலானது அதற்குப் பிறகுதான். எனவே கையால் தைத்த உடுப்போடு உங்கள் பிள்ளைகள் வீதியில் இறங்கும்போது, அந்த நாளின் மரபுக்கு அவர்கள் வெளியே நிற்பவர்கள் அல்லர்.

செலவைப் பொறுத்தவரை 25 டொலர் தாராளமாகப் போதும். ஆனால் உங்கள் திட்டத்தில் மூன்று பொருட்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு: பஞ்சு, ஷிபோன் சேலை, கண்மை. அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பருத்தி பாதுகாப்பானது என்ற நம்பிக்கை

தீபாவளிக்கு வெடி கொளுத்தும்போது நைலோன் வேண்டாம், பருத்தி உடுத்துங்கள் என்று நம் வீடுகளில் சொல்வதை நீங்கள் நினைவுகூர்ந்திருக்கிறீர்கள். அந்த அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. நைலோனும் பொலியெஸ்ரரும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் காயம் ஆழமாகும். பருத்தி அப்படி உருகாது. ஆனால் பருத்தி எளிதில் தீப்பற்றும், பற்றினால் விரைவாக எரியும். துணி எதனால் ஆனது என்பதைப் போலவே அது எப்படி நெய்யப்பட்டிருக்கிறது, உடலோடு எப்படிப் படிந்திருக்கிறது என்பதும் முக்கியம். கனமாக, நெருக்கமாக நெய்யப்பட்ட துணி மெதுவாகவே பற்றும். மெல்லியதாக, தளர்வாக, சுற்றிலும் காற்றோட்டத்தோடு தொங்கும் துணி எந்த இழையால் ஆனதாக இருந்தாலும் வேகமாக எரியும்.

இந்த அளவுகோலில் பார்த்தால் பஞ்சு உருண்டைதான் எல்லாவற்றையும்விட மோசமானது. அது நெய்யப்படாத, பிரிந்து கிடக்கும் பருத்தி. ஒவ்வோர் இழையையும் காற்று சூழ்ந்திருக்கிறது. ஒரு சட்டை முழுவதும் பஞ்சை ஒட்டி, அதை 5 வயதுப் பிள்ளைக்கு அணிவித்து, வாசல்தோறும் அலங்காரமாகக் குடைந்து வைத்த பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரியும் ஒரு மாலையில் அனுப்புவதை என்னால் ஆமோதிக்க முடியாது. தயவுசெய்து அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். ஷிபோன் சேலையும் அப்படியே: மிக மெல்லியது, பெரும்பாலும் செயற்கை இழை, கணுக்கால்வரை தொங்கினால் தரையில் வைத்திருக்கும் விளக்கின்மேல் படக்கூடியது. 2014ஆம் ஆண்டு ஹலோவீன் இரவில் இங்கிலாந்தில் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரின் 8 வயது மகளுடைய வேட உடுப்பு மெழுகுவர்த்தியில் பட்டுத் தீப்பற்றியது. அது கடையில் வாங்கிய உடுப்பு. ஆகவே கடை உடுப்பு என்றால் பாதுகாப்பு என்று நினைத்தும் நீங்கள் வருந்த வேண்டாம். தீயை எதிர்க்கும் துணி என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும், அத்தகைய துணியும் தீப்பற்றக்கூடும் என்றே கனடிய அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா பெற்றோரை எச்சரிக்கிறது.

தீபாவளியும் ஹலோவீனும் சில ஆண்டுகளில் நெருங்கி வருவதையும் இங்கே சொல்ல வேண்டும்; 2024இல் இரண்டும் ஒரே நாளிலேயே, ஒக்ரோபர் 31இல் வந்தன. அப்படி வரும் ஆண்டுகளில், வேட உடுப்போடு பிள்ளைகளைக் குத்துவிளக்கின் அருகிலோ மத்தாப்பின் அருகிலோ நிற்க விடாதீர்கள். வேடத்தைக் களைந்த பிறகு விளக்கேற்றலாம். உங்கள் வீட்டுப் பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்திக்குப் பதிலாக மின்கலத்தில் எரியும் சிறு விளக்கை வையுங்கள்.

உடுப்பில் தீப்பற்றினால் ஓடக்கூடாது, நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும் என்பதை இருவருக்கும் செய்து காட்டிப் பழக்குங்கள். மகளுக்கு அது விளையாட்டாகவே இருக்கும்; இருக்கட்டும். சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், முட்டை எதுவும் பூச வேண்டாம். தோலில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் 911ஐ அழையுங்கள்.

அப்படியானால் எதில் தைப்பது?

ஆட்டுக்குட்டிக்குப் பஞ்சு வேண்டாம் என்றேனே தவிர, ஆட்டுக்குட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டுக்குரிய பொருளையே எடுத்துக்கொள்ளலாம். கம்பளி இயல்பிலேயே எளிதில் தீப்பற்றாதது. பற்றினாலும் மெதுவாகவே எரியும், பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும். வலியூ வில்லேஜ் போன்ற பழைய உடுப்புக் கடைகளிலோ சல்வேசன் ஆமி நடத்தும் கடைகளிலோ ஆண்களுக்கான பெரிய அளவுக் கம்பளிச் சுவெற்றர் ஒன்றைத் தேடுங்கள். வெள்ளையோ சந்தன நிறமோ போதும். உள்ளே தைத்திருக்கும் சீட்டில் 100 வீதம் கம்பளி என்று இருக்க வேண்டும். அக்ரிலிக் கலந்ததை விட்டுவிடுங்கள். அதைச் சலவை இயந்திரத்தில் சூடான நீரில் கழுவி உலர்த்தினால் சுருங்கித் தடித்து இறுகிவிடும். அதன் பிறகு எப்படி வெட்டினாலும் நூல் பிரியாது. அதிலிருந்து கைப்பிடியளவு வட்டங்களை வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டு தையல் போட்டு, மகளிடம் ஏற்கெனவே இருக்கும் தொப்பி வைத்த தடித்த சட்டையின் மார்பிலும் முதுகிலும் தொப்பியிலும் நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். விளிம்புகள் தாமே மேலெழுந்து சுருட்டை முடி போலத் தோன்றும். காதுகளுக்கு ஒற்றையாகிப்போன கறுப்புக் காலுறை ஒன்று போதும். கால்களுக்குக் கறுப்புக் காற்சட்டை. கைத்தையல் வரும் உங்களுக்கு இது இரண்டு மூன்று மாலை வேலை.

எக்ஸிமா உள்ள பிள்ளைக்குக் கம்பளி அரிப்பைத் தரும் என்பது உண்மை. அதனால்தான் வட்டங்களை வெளிப்புறம் மட்டும் தைக்கச் சொன்னேன். உள்ளே கழுத்துவரை மூடும் பருத்திச் சட்டை இருக்கட்டும். கழுத்துப் பட்டியிலும் கைவிளிம்பிலும் கம்பளி வேண்டாம். உடலோடு ஒட்டி உள்ளே இருக்கும் பருத்தியால் ஆபத்து குறைவு.

மகனின் மேலங்கிக்கு, தேய்ந்துபோன கறுப்புக் காற்சட்டை ஒன்றின் கால்களைப் பிரித்து விரித்துத் தைக்கலாம். பழைய தடித்த திரைச்சீலையும் ஆகும். நீளம் முழங்காலுக்கு மேலே நிற்க வேண்டும். கழுத்தில் நாடா கட்ட வேண்டாம். எங்கேயாவது சிக்கி இழுபட்டால் அது குரல்வளையை நெரிக்கும். இரு தோள்களிலும் சிறு வெல்க்ரோத் துண்டுகளைத் தைத்து ஒட்டிவிட்டால், இழுத்தவுடன் கழன்று வரும். மார்புச் சின்னத்தை மஞ்சள் ஃபெல்ற் துணியில் அவனே வரைந்து வெட்டட்டும். டொலர் கடைகளில் அத்துணி ஒன்றிரண்டு டொலருக்குக் கிடைக்கிறது. முகமூடி முழு முகத்தையும் மூடக்கூடாது, பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கக்கூடாது. அவனுடைய கம்பளித் தொப்பியின் முன்விளிம்பில், கண்களுக்குப் பெரிய துளையிட்ட ஒரு பட்டியைத் தைத்தால், வீதியைக் கடக்கும்போது தொப்பியை மேலே தள்ளிவிடலாம்.

குளிரும் இருட்டும்

ஊரில் வினோத உடைப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். ஆனால் அது மண்டபத்தில், பகலில், வெக்கையில் நடப்பது. ஒக்ரோபர் 31ஆம் திகதி ரொறன்ரோவில் சூரியன் மாலை 6 மணி 10 நிமிடம் அளவில் மறைந்துவிடும், அதன் பிறகு குளிர் விரைவாக ஏறும். குளிர் ஜாக்கெற்றை உடுப்பின்மேல் போட்டால் நீங்கள் தைத்த எதுவும் தெரியாது. பிள்ளைகள் அழுவார்கள், இறுதியில் ஜாக்கெற் இல்லாமலே புறப்படுவார்கள். ஆகவே தொடக்கத்திலேயே ஜாக்கெற்றை உடுப்பின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுங்கள். மகளுடைய தொப்பிச் சட்டை இரண்டு அளவு பெரியதாக இருந்தால் ஜாக்கெற்றின்மேல் அணியலாம். மகனின் சின்னத்தை அவனுடைய சட்டையில் தைக்காமல், அப்பாவின் பழைய கையில்லாத பனியனில் தைத்தால், அதைப் பாடசாலையில் சட்டையின்மேலும் மாலையில் ஜாக்கெற்றின்மேலும் போட முடியும். காரில் போவதானால், இந்தப் பருமனான மேலுடுப்பைக் கழற்றிய பிறகே பிள்ளை ஆசனத்தின் பட்டியை இறுக்க வேண்டும்.

மெழுகுவர்த்தியைவிடவும் கார்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 1975 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த வீதி மரணங்களைக் கனடிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஹலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம், அதற்கு முன்னும் பின்னும் வந்த கிழமைகளின் அதே மாலையைவிட 43 வீதம் கூடுதலாக இருந்தது. 4 முதல் 8 வயதுவரையான பிள்ளைகளிடையே ஏறத்தாழ 10 மடங்காக இருந்தது. உங்கள் மகள் அந்த வயதில் இருக்கிறாள். மகனோ தலை முதல் கால்வரை கறுப்பு. ஒளியைத் திருப்பி வீசும் நாடாவை மேலங்கியின் விளிம்பிலும் இருவரின் முதுகிலும் இனிப்புப் பைகளிலும் தைத்துவிடுங்கள்; மேலங்கியின் ஓரத்தில் அது மின்னல் கோடாகவே அழகு தரும். 25 டொலரில் எதைக் குறைத்தாலும் இந்த நாடாவைக் குறைக்காதீர்கள். இருவரும் அவரவருக்குச் சரியான சப்பாத்தையே அணியட்டும். கணவர் இரவு வேலைக்குப் போனாலும், பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். 9 வயது அண்ணனிடம் தங்கையைப் பொறுப்புக் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

கண்மை, குங்குமம்

ஊரிலிருந்து வந்தது, பாட்டி காலத்திலிருந்து பூசுவது என்பதால் கண்மை தீங்கற்றது என்று நம்புகிறீர்கள். இறக்குமதியாகும் சில கண்மைகளிலும் சுர்மாக்களிலும் ஈயம் கண்டறியப்பட்டிருக்கிறது. சிறு பிள்ளைகள் முகத்தைத் தடவி அதே விரலை வாயில் வைப்பார்கள். ஈயம் அவர்களுடைய வளரும் மூளையைப் பாதிக்கும். குங்குமத்திலும் என்னென்ன சாயம் கலந்திருக்கிறது என்பது சிமிழைப் பார்த்துத் தெரியாது. எக்ஸிமா உள்ள தோலில் அதைப் பூச வேண்டாம். உங்கள் மகளுக்கு முகப்பூச்சே தேவையில்லை. காதும் தொப்பியுமே ஆட்டுக்குட்டியை உணர்த்திவிடும். மூக்கில் ஒரு புள்ளி வேண்டுமென்று அடம் பிடித்தால், முகத்துக்கென்று விற்கப்படும் பூச்சை முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள். சிவக்காவிட்டால் பூசி, தூங்குமுன் கழுவிவிடுங்கள்.

மகனின் வெட்கம்

அவனுக்குக் கடை உடுப்பின்மேல் உள்ள ஆசையைக் கண்டிக்க வேண்டாம். சென்ற ஆண்டு தனித்து நின்ற பிள்ளை இந்த ஆண்டு மற்றவர்களைப் போல இருக்க விரும்புகிறான். புதிய நாட்டில் அது நியாயமான ஆசை. "ஊரில் இதுகூட இல்லாமல் எத்தனை பிள்ளைகள்" என்று சொல்லி அதை அடக்கினால், அவன் தன் வெட்கத்தோடு நீங்கள் சுமத்தும் குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமப்பான்.

அவனிடம் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். 25 டொலர் இருக்கிறது, இருவருக்கும் அதுதான், எதை வாங்கலாம் எதைச் செய்யலாம் என்று நீயும் பார் என்று கேட்டால், 9 வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். காரணம் சொல்லாமல் மறுப்பதுதான் பிள்ளைகளை அதிகம் குழப்புகிறது. அந்தக் கதாநாயகனிடம் அவனுக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்னம், மேலங்கி, முகமூடி என்று ஒன்றிரண்டைத்தான் சொல்வான். அதில் ஒன்றை மட்டும் பழைய கடையில் வாங்கிக் கொடுத்து, மற்றதை அவனோடு சேர்ந்து செய்யலாம். அவன் கையே வெட்டிய சின்னத்தை யாராவது கேலி செய்தால், "நானே செய்தேன்" என்று சொல்ல அவனுக்கு ஒரு பதில் இருக்கும். நீங்கள் தனியே இரவில் தைத்து முடித்துக் காலையில் நீட்டும் உடுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பதிலை அவனுக்குத் தராது. அவனுடைய கோடு கோணலாகப் போனால் நீங்கள் திருத்தித் தைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் கேலி தொடர்ந்தால், அல்லது அவன் பாடசாலைக்குப் போக மறுத்தால், அது உடுப்பைப் பற்றிய பிரச்சினை அல்ல. வகுப்பாசிரியரிடம் நேரில் பேசுங்கள்.

மாமியாரும் பாடசாலையும்

மாமியாரின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ள வேண்டாம். நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் திருநாள், நவம்பர் 2 நம் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைத் துப்புரவு செய்து மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். ஹலோவீன் அந்தத் திருநாளின் முந்திய இரவு. இறந்தவர்களை நினைக்கும் காலத்தோடு ஒட்டிய வழக்கம் என்று அவருக்குச் சொல்லலாம். உங்கள் வீட்டிலிருந்து புறப்படுவது பேயும் அல்ல, ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு வீரனும்தான். கம்பளி வட்டங்களைத் தைக்க அவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால், பெற்றோர் நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்து, அதை மரியாதையோடு அவரிடம் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்தாலும் அது தவறில்லை. மத நம்பிக்கை காரணமாக அன்றைய நிகழ்வுகளிலிருந்து பிள்ளைகள் விலகியிருக்க வேண்டும் என்று பாடசாலையிடம் கேட்கலாம். ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டம் மத நம்பிக்கைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

எதுவானாலும் தைக்கத் தொடங்குமுன் பாடசாலையின் அறிவித்தலைப் பாருங்கள். முகத்தை மூடும் முகமூடியையும் விளையாட்டு ஆயுதங்களையும் பல பாடசாலைகள் அனுமதிப்பதில்லை; சில பாடசாலைகள் வேடமே வேண்டாம், செம்மஞ்சள் அல்லது கறுப்பு உடுப்பு போதும் என்கின்றன. வேறோர் இனத்தவரின் உடையை, குறிப்பாகப் பூர்வகுடி மக்களின் இறகுக் கிரீடத்தை, வேடமாக அணிவதையும் தவிருங்கள். அது அவர்களுடைய மதிப்புக்குரிய அடையாளம்.

ஒக்ரோபர் 24ஆம் திகதிக்குள் தைத்து முடித்துவிடுங்கள். அன்று பொழுது பட்ட பிறகு, ஜாக்கெற், சப்பாத்து, தொப்பி எல்லாவற்றோடும் இருவரையும் வீதியோரம் சிறிது தூரம் நடக்க வைத்து, கைவிளக்கை அடித்து நாடா ஒளிர்கிறதா, படி ஏறும்போது மேலங்கி காலில் தட்டுகிறதா, மகள் கழுத்தைச் சொறிகிறாளா என்று பாருங்கள். திருத்த வேண்டியது எதுவாக இருந்தாலும் அதற்கு இன்னும் ஒரு கிழமை இருக்கும்.